ஆரம்பகால உருவப்படப் புகைப்படங்களில் ஓவியத்தின் கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைப்படக்கலை 1839-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்த நாற்பது ஆண்டுகளில் எடுக்கப்பட்ட மனித முகங்களைப் பார்க்கிறவர்களுக்கு ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வருகின்றன. ஏன் இந்த போஸ், ஏன் இந்தத் தூண், ஏன் பாதி முகம் இருட்டில் இருக்கிறது? பிரிட்டனையும் பிரான்ஸையும் மையமாக வைத்து அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் காலப் புகைப்படங்கள் ஏன் ஓவியம் மாதிரியே இருக்கின்றன?

1840-ல் ஒருவர் தன் உருவத்தைப் படமாக்கிக்கொள்ள ஆசைப்பட்டால், அவர் மனதில் இருந்த ஒரே முன்மாதிரி ஓவியம்தான். பெரிய வீட்டுக் கூடத்தில் தொங்கிய எண்ணெய் வண்ண ஓவியங்களை அவர் பார்த்திருப்பார். உள்ளங்கைக்குள் அடங்கும் மினியேச்சர் ஓவியங்களும் தெரிந்திருக்கும். எப்படி உட்காருவது, கையை எங்கே வைப்பது, முகத்தை எவ்வளவு திருப்புவது என்பதெல்லாம் பல தலைமுறைகளாக ஊறிப்போன பழக்கம். படம் எடுத்தவர்களிலும் பலர் தூரிகை பிடித்துப் பழகியவர்கள்.

இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. அன்றைய ரசாயனத் தட்டு ரொம்ப மந்தம். எதிரே இருப்பவர் அசையாமல் இருந்தால்தான் முகம் பதியும். ஒரு மனிதரை நெடுநேரம் ஒரே நிலையில் வைத்து, அதே சமயம் முகத்தில் களை போகாமல் பார்த்துக்கொள்ளும் வித்தை ஓவியர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

புகைப்படக்காரர்கள் ஓவியத்திடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் இரண்டு வகை உண்டு. தூண், பட்டுத்திரை, செதுக்கு வேலைப்பாடுள்ள நாற்காலி என்று சாமான்களை எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஒரு முகத்தின்மேல் வெளிச்சம் எப்படி விழுந்து எங்கே நிழலாகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் மிகச் சிலர். இன்றைக்கும் நம்மை நின்று பார்க்க வைப்பவை அந்தச் சிலரின் படங்கள். கீழே உள்ள பதில்களில் அவர்களுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் புகைப்படக்காரர்கள் நிஜமாகவே ஓவியர்களா?

எல்லோரும் அல்ல. ஆனால் முக்கியமானவர்களில் பலர் ஓவியர்கள். வெள்ளி பூசிய தட்டில் படம் பதிக்கும் டாகேரியோடைப் முறையைக் கொண்டுவந்த லூயி டாகேர், பாரிஸில் 1822-ல் டியோராமா என்ற காட்சிக்கூடத்தைத் தொடங்கிய திரை ஓவியர். வெளிச்சத்தை ஏற்றி இறக்கி, ஒரே திரையில் பகலையும் இரவையும் காட்டுவது அவருடைய தொழில். தந்தியால் புகழ்பெற்ற சாமுவேல் மோர்ஸ் அமெரிக்காவின் தேர்ந்த உருவப்பட ஓவியர். 1839 மார்ச்சில் பாரிஸில் டாகேரைச் சந்தித்து, நியூயார்க் திரும்பியதும் படம் எடுக்கவும் கற்றுக்கொடுக்கவும் ஆரம்பித்தார். டாகேர் மோர்ஸின் அறைக்கு வந்திருந்த அதே நாளில்தான் டியோராமா எரிந்து சாம்பலானது. பாஸ்டனில் சவுத்வொர்த்துடன் சேர்ந்து ஸ்டூடியோ நடத்திய ஜோசையா ஹாஸ், ஊர் ஊராகப் போய் உருவப்படம் வரைந்தவர்.

இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் கதை வேறு. அவருக்கு வரைய வராது. 1833-ல் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில், கேமரா லூசிடா என்ற வரைகருவியை வைத்துக்கொண்டும் காட்சியைச் சரியாக வரைய முடியவில்லை. அந்த ஏமாற்றத்தில்தான் வெளிச்சத்தையே வரைய வைக்க முடியுமா என்று அவர் யோசித்தார். காகித நெகட்டிவில் படம் எடுக்கும் கலோடைப் முறை அதிலிருந்து வளர்ந்தது. 1841-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

'இன்றோடு ஓவியம் செத்தது' என்று ஓர் ஓவியர் சொன்னாராமே?

பால் டெலரோஷ் என்ற பிரெஞ்சு ஓவியர் சொன்னதாகப் புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்கள். அவர் அப்படிச் சொன்னதற்கு அந்தக் காலத்து ஆதாரம் ஏதும் இல்லை. புதிய முறையை அரசு ஏற்க வேண்டும் என்று விஞ்ஞானி அராகோ வாதாடியபோது, இது ஓவியர்களுக்குப் பெரிதும் பயன்படும் என்று எழுதிக் கொடுத்தவர் இதே டெலரோஷ். அந்தக் கருத்தைக் காட்டித்தான் அராகோ பேசினார்.

எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது?

டாகேர் வெளியிட்ட கையேட்டின்படி, வெளிச்சத்தைப் பொறுத்து 3 முதல் 30 நிமிடம். இந்தக் கணக்கில் மனித முகம் எடுப்பது நடவாத காரியம். 1840-ல் வியன்னாவில் ஜோசஃப் பெட்ஸ்வால் உருவப்படத்துக்கென்றே அதிக வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் ஒன்றைக் கணக்கிட்டு வடிவமைத்தார். தட்டின் வேகத்தைக் கூட்ட புரோமின், குளோரின் கலவைகளும் வந்தன. இரண்டும் சேர்ந்து நேரத்தை ஒரு நிமிடத்துக்குள், நல்ல வெயிலில் சில வினாடிகளுக்குள்கூட, கொண்டுவந்தன. அப்போதும் தலை ஆடாமலிருக்கப் பின்னந்தலையில் கவ்விப் பிடிக்கும் இரும்பு ஸ்டாண்டை ஸ்டூடியோக்களில் வைத்திருந்தார்கள். சில படங்களில் உட்கார்ந்திருப்பவரின் காலுக்குப் பின்னால் அதன் அடிப்பாகம் எட்டிப் பார்க்கும்.

ஓவியத்திலிருந்து வந்த போஸ் இங்கேதான் கைகொடுத்தது. கன்னத்தில் கை, மேஜைமேல் முழங்கை, புத்தக அடுக்கின்மேல் சாய்ந்த உடல் ஆகியவை ஓவியத்தில் 'சிந்திக்கும் மனிதர்' என்பதைக் காட்டும் அடையாளங்கள். புகைப்படத்தில் அவை தலையையும் கையையும் தாங்கும் முட்டுக்கொடுப்பாகவும் ஆயின. பாதிரியார்களும் பேராசிரியர்களும் படத்துக்குப் படம் கன்னத்தில் கை வைத்திருப்பதற்கு அவர்களுடைய சிந்தனை மட்டும் காரணமல்ல.

ஏன் யாருமே சிரிக்கவில்லை?

நேரம் அதிகம் ஆனதால் என்பது பாதி பதில்தான். சில வினாடியில் படம் எடுக்க முடிந்த 1850-களிலும் 1860-களிலும்கூட யாரும் பல் தெரியச் சிரிக்கவில்லை. மீதிப் பாதிக்கு ஓவிய மரபைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஓவியத்தில் வாய் திறந்து சிரிப்பவர்கள் பெரும்பாலும் குடிகாரர்கள், குழந்தைகள், கூத்தாடிகள். மதிப்புள்ளவர் வாயை மூடியிருப்பார். எலிசபெத் விஜே லெ ப்ரன் என்ற பெண் ஓவியர் பாரிஸில் 1787-ல் காட்சிக்கு வைத்த சுய ஓவியத்தில், மகளை அணைத்தபடி பல் லேசாகத் தெரியப் புன்னகைக்கிறார். அதற்கே அவரைக் கண்டித்து எழுதினார்கள். அரை நூற்றாண்டு கழித்து கேமரா முன் உட்கார்ந்தவர்களுக்கும் அதே ஒழுங்குதான் மனதில் இருந்தது.

தூண், திரைச்சீலை, தூரத்து ஏரி எல்லாம் எங்கிருந்து வந்தன?

பதினேழாம் நூற்றாண்டின் வான் டைக், பதினெட்டாம் நூற்றாண்டின் ரெனால்ட்ஸ், கெய்ன்ஸ்பரோ போன்றவர்கள் வரைந்த பிரபுக்களின் முழு உருவ ஓவியங்களிலிருந்து வந்தன. தூண் மாளிகையைக் குறிக்கும், திரைச்சீலை செல்வத்தை. தூரத்து நிலக்காட்சி பல ஓவியங்களில் நிஜமாகவே அவர்களுடைய சொத்து. லண்டனில் ஸ்டூடியோ நடத்திய அந்துவான் க்ளோதே 1841-லேயே வரைந்த பின்திரைகளைப் பயன்படுத்தக் காப்புரிமை எடுத்துவிட்டார்.

அதைப் பெருவாரியாகப் பரப்பியது பாரிஸின் ஆந்த்ரே திஸ்தேரி. விசிட்டிங் கார்டு அளவுப் படத்துக்கு 1854 நவம்பரில் அவர் காப்புரிமை பெற்றார். ஒரே தட்டில் எட்டுப் படம் எடுத்துவிடலாம் என்பதால் விலை சரிந்தது. கடைக்காரரும் குமாஸ்தாவும் படம் எடுத்துக்கொள்ள முடிந்தது. அவர்களுக்கும் ஒரு நிமிடம் பிரபுவாக இருக்க ஆசை. ஸ்டூடியோக்காரர் அட்டைத் தூணை நகர்த்திக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். கம்பளத்தின்மேல் கல்தூண் எப்படி நிற்கும் என்று 1860-களிலேயே ஆங்கிலத் தொழில்முறைப் பத்திரிகையில் குறை சொல்லியிருக்கிறார்கள். ஓவியத்தில் தூண் கட்டடத்தின் ஒரு பகுதி. ஸ்டூடியோவில் அது வாடகை வீட்டுச் சாமான் போல, யார் வந்தாலும் அதே இடத்தில் இருக்கும்.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் அண்மைக்காலம் வரை தொங்கிய சீனரித் திரைகள் இந்த வழியில் வந்தவைதான். தாத்தாவின் பழைய படத்தில் அவருக்குப் பின்னால் மாடிப்படியும் பூந்தொட்டியும் தெரிந்தால், அந்தப் படிக்கட்டு பல கை மாறி வான் டைக்கிடமிருந்து வந்திருக்கிறது.

மினியேச்சர் ஓவியர்கள் என்ன ஆனார்கள்?

தந்த ஓடுகளில் உள்ளங்கை அளவு முகம் வரைந்து பிழைத்தவர்களுக்குத்தான் முதல் அடி. டாகேரியோடைப் அவர்கள் இடத்தை அப்படியே பிடித்துக்கொண்டது. பெட்டியைக்கூட மாற்றவில்லை. மினியேச்சர் வைக்கும் தோல் பெட்டி, உள்ளே வெல்வெட், சுற்றிலும் பித்தளைச் சட்டம் ஆகியவற்றுக்குள் ஓவியத்துக்குப் பதில் வெள்ளித்தட்டுப் படம் உட்கார்ந்தது. மூடித் திறந்து, கையில் ஏந்திச் சாய்த்துப் பார்க்கும் அந்தப் பழக்கமும் மாறவில்லை.

தொழில் இழந்தவர்களில் பலர் அதே ஸ்டூடியோக்களில் வண்ணம் தீட்டப் போனார்கள். சுவிட்சர்லாந்தின் ஐசன்ரிங் என்ற ஓவியர் 1840 வாக்கிலேயே டாகேரியோடைப்புக்கு வண்ணம் ஏற்றிக் காட்டினார். லண்டனில் ஸ்டூடியோ வைத்திருந்த ரிச்சர்ட் பியர்ட் 1842-ல் வண்ணம் தீட்டும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். கன்னத்தில் லேசான சிவப்புப் பொடி, மோதிரத்திலும் சங்கிலியிலும் ஒரு பொட்டுத் தங்கம், அவ்வளவுதான் பெரும்பாலும். தட்டின் மேற்பரப்பை விரல் பட்டாலே அழித்துவிடலாம். அதன்மேல் மெல்லிய தூரிகையால் பொடியைத் தூவி ஒட்டவைக்க, மினியேச்சர் வரைந்து பழகிய கை வேண்டியிருந்தது. இந்தக் கைவேலைக்குப் பெயர் போடப்படவில்லை. படத்தின் அடியில் ஸ்டூடியோ முதலாளி பெயர் மட்டும்தான் இருக்கும். எனக்கு அது இன்றைக்கும் உறுத்துகிறது.

ஓவியமும் புகைப்படமும் உண்மையிலேயே ஒன்றுசேர்ந்த இடம் எது?

என்னைக் கேட்டால் எடின்பரோவின் கால்டன் குன்று, 1843 முதல் 1847 வரை.

1843 மே 18-ஆம் தேதி ஸ்காட்லாந்துத் திருச்சபையில் பெரும் பிளவு ஏற்பட்டது. பாதிரியார்களை நியமிப்பதில் நிலச்சுவான்தார்களுக்கு இருந்த அதிகாரத்தை எதிர்த்துச் சுமார் 450 பாதிரியார்கள் பதவியையும் சம்பளத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். நிலக்காட்சி ஓவியரான டேவிட் ஆக்டேவியஸ் ஹில் அந்த நிகழ்ச்சியைப் பெரிய ஓவியமாக வரைய முடிவு செய்தார். ஆனால் நூற்றுக்கணக்கான முகங்கள். எல்லோரும் சில நாளில் ஊர் திரும்பிவிடுவார்கள். இயற்பியலாளர் டேவிட் ப்ரூஸ்டர் வழி சொன்னார்: ஒவ்வொருவரையும் கலோடைப்பில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு நிதானமாக வரையலாம் என்று. டால்பட்டின் காப்புரிமை ஸ்காட்லாந்துக்குச் செல்லாது என்பதால் அங்கே யாருக்கும் கட்டணம் தர வேண்டியதில்லை. கால்டன் குன்றில் ராக் ஹவுஸ் என்ற வீட்டில் அப்போதுதான் தொழில் தொடங்கியிருந்த இளைஞர் ராபர்ட் ஆடம்சனை ஹில் சந்தித்தார். ஆடம்சனுக்கு அப்போது இருபத்திரண்டு வயதுதான், ஹில்லுக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது.

வெளிச்சம் போதாது என்பதால் எல்லாம் வீட்டுக்கு வெளியே, வெயிலில் எடுக்கப்பட்டவை. அறைக்குள் இருப்பது போலத் தெரிய நாற்காலி, மேஜை, புத்தகம், திரைச்சீலை எல்லாவற்றையும் தோட்டத்துக்குத் தூக்கி வந்தார்கள். சாமான்கள் இங்கேயும் உண்டு. ஆனால் பார்வை அவற்றில் நிற்பதில்லை. ஹில் வெளிச்சத்தைப் பெரிய திட்டுகளாக அமைத்தார். நெற்றி, சட்டைக் கழுத்து, கை என்று இரண்டு மூன்று இடங்கள் மட்டும் பளிச்சிடும், மற்றதெல்லாம் அடர்ந்த பழுப்பில் கரைந்திருக்கும். பார்த்தவர்கள் உடனே ரெம்ப்ராண்ட் பெயரைச் சொன்னார்கள்.

காகித நெகட்டிவும் இதற்கு உதவியது. டாகேரியோடைப்பில் சட்டைப் பொத்தானின் நூல்கூடத் தெரியும். கலோடைப்பில் காகிதத்தின் நாரும் சேர்ந்து அச்சாவதால் நுணுக்கம் மங்கி, கரித்துண்டால் தேய்த்தது போல் வரும். மற்றவர்களுக்கு இது குறை. ஹில்லுக்கு அதுதான் படத்தின் உயிர். இவை மனிதன் கைப்பட்ட குறையுள்ள வேலை போல இருக்கின்றன, கடவுளின் குறையற்ற வேலையைச் சுருக்கி வைத்தது போல அல்ல என்று 1848-ல் ஒரு கடிதத்தில் எழுதினார். ஓர் ஓவியர்தான் அப்படிச் சொல்லியிருக்க முடியும்.

எடின்பரோவை ஒட்டிய நியூஹேவன் என்ற மீனவ ஊரிலும் அவர்கள் படம் எடுத்தார்கள். எலிசபெத் ஜான்ஸ்டன் ஹால் என்ற மீன்காரப் பெண்ணின் படம் ஒன்று உண்டு. கோடு போட்ட பாவாடை, பக்கத்தில் பிரம்புக் கூடை, தரையைப் பார்க்கும் கண்கள். பாவாடையின் கோடுகளும் கூடையின் பின்னலும் வெளிச்சத்தை ஒன்றுக்கொன்று வாங்கிக் கொடுக்கின்றன. முகம் மட்டும் அமைதியாகத் தனித்து நிற்கிறது. அன்றைய ஓவியங்களில் மீன்காரிகள் பெரும்பாலும் வேடிக்கைப் பாத்திரங்கள். இந்தப் படத்தில் அவர் ஒரு சீமாட்டிக்குரிய மரியாதையோடு நிற்கிறார். ஓவியத்தின் வெளிச்சத்தை எடுத்துக்கொண்டு, அதன் வர்க்கப் பார்வையை விட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பெரிய ஓவியம் முடிந்ததா?

முடிந்தது, 1866-ல், 23 ஆண்டுகள் கழித்து. 450-க்கும் மேற்பட்ட முகங்கள். அவற்றுக்கு நடுவில் கேமராவோடு ஆடம்சனும் இருக்கிறார். ஆனால் ஆடம்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1848 ஜனவரியில், 26 வயதில் காலமாகிவிட்டார். நான்கரை ஆண்டுகளில் இருவரும் சேர்ந்து எடுத்தவை சுமார் 3,000 படங்கள்.

அந்த ஓவியம் சரித்திர ஆவணமாக முக்கியமானதுதான். படமாக அது தோற்றுவிட்டது. ஒவ்வொரு முகமும் வெவ்வேறு கலோடைப்பிலிருந்து எடுத்து ஒட்டியது போல நெருக்கியடித்து நிற்கிறது. முன்தயாரிப்பு என்று எடுத்த படங்கள் அதைத் தாண்டி நிலைத்துவிட்டன. ராயல் ஸ்காட்டிஷ் அகாடமி காட்சியில் அவர்கள் படங்களின் கீழ் 'ஆர். ஆடம்சன் எடுத்தது, டி. ஓ. ஹில்லின் கலை இயக்கத்தில்' என்ற பொருளில் குறித்திருந்தார்கள். அந்த வரியால் வெகுகாலம் ஆடம்சன் வெறும் எடுபிடியாகவே பார்க்கப்பட்டார். ஆடம்சன் போன பின் ஹில் வேறொருவருடன் சேர்ந்து எடுத்த படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இளைஞர் எவ்வளவு பெரிய கலைஞர் என்பது தெரியும்.

'ரெம்ப்ராண்ட் லைட்டிங்' ரெம்ப்ராண்டிடமிருந்து வந்ததா?

பார்வை அவருடையது, பெயர் ஸ்டூடியோக்காரர்கள் வைத்தது. ரெம்ப்ராண்டின் பல உருவப்படங்களில் வெளிச்சம் பக்கவாட்டில் மேலிருந்து விழும். முகத்தின் ஒரு பக்கம் துலங்கும். இன்னொரு பக்கம் நிழல். நிழல் பக்கக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே மட்டும் ஒரு முக்கோணம் வெளிச்சமாக இருக்கும். நியூயார்க்கில் வில்லியம் கர்ட்ஸ் 1860-களின் கடைசியில் இந்த பாணியில் எடுத்து 'ரெம்ப்ராண்ட்' என்று பெயரிட்டே விற்றார். பாரிஸில் சிற்பியாக இருந்து புகைப்படத்துக்கு வந்த ஆதாம்-சாலமோன் உயர்ந்த பக்க வெளிச்சத்தில், வெல்வெட் போர்த்தி எடுத்த முகங்கள் 1867 பாரிஸ் கண்காட்சியில் பெரும் பாராட்டைப் பெற்றன. புகைப்படத்தை இகழ்ந்து பேசிவந்த கவிஞர் லாமார்ட்டீனையே மனம் மாற வைத்தவை இவருடைய படங்கள்.

வடக்குப் பார்த்த கண்ணாடிச் சாளரம் என்ற ஸ்டூடியோ அமைப்பும் ஓவியர்களுடையது. ஐரோப்பாவில் வடக்கிலிருந்து நேர் வெயில் விழாது. நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் கிடைக்கும்.

ஜூலியா மார்கரெட் கேமரன் படங்கள் ஏன் மங்கலாக இருக்கின்றன? ஃபோகஸ் செய்யத் தெரியாதா?

அவர் காலத்துப் புகைப்படப் பத்திரிகைகளும் இதையேதான் கேட்டன. தெரியாமல் ஆரம்பித்தது, தெரிந்தே தொடர்ந்தது என்பதுதான் சரியான பதில். ஃபோகஸ் செய்துகொண்டே போகும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவேன், மற்றவர்கள் வற்புறுத்தும் கூர்மை வரைக்கும் திருகிக்கொண்டே போவதில்லை என்று அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

கேமரன் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் கேமரா பரிசளித்தபோது அவருக்கு வயது 48. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கோழிக்கூண்டைக் கண்ணாடி ஸ்டூடியோவாகவும், நிலக்கரி வைக்கும் கொட்டிலை இருட்டறையாகவும் மாற்றினார். கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்ற பசைத் திரவத்தைப் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காயும் முன் படம் எடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டிய முறை அது. விரலெல்லாம் கறுத்துப் போகும். 1866 முதல் 15×12 அங்குலத் தட்டுகளைப் பயன்படுத்தினார். அவ்வளவு பெரிய தட்டில் முகத்தை நெருங்கி எடுத்தால் கண் கூர்மையாக இருக்கும்போது காது மங்கிவிடும். சில நிமிட நேரத்தில் மூச்சுவிடும் அசைவும் பதியும்.

ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் அவருக்கு நெருங்கிய நண்பர், ஆலோசகர். வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரை மாதாவாக உட்கார வைத்து எடுத்த படங்களில் ரஃபேல், பெருஜினோ போன்ற இத்தாலிய ஓவியர்களின் சாயல் வெளிப்படை. 1869-ல் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து 'தெய்விகம்' என்ற பொருளில் வாட்ஸ் எழுதிக்கொடுத்தார்.

ஆனால் மாதா படங்களைவிட ஆண்களின் தலைகளில்தான் கேமரனின் மேதைமை முழுதாகத் தெரிகிறது. வானியலாளர் ஜான் ஹெர்ஷலை 1867-ல் எடுத்த படத்தைப் பாருங்கள். பின்திரை இல்லை, நாற்காலி இல்லை, புத்தகம் இல்லை, தொலைநோக்கியும் இல்லை. இருட்டிலிருந்து ஒரு முகம் வருகிறது. கலைந்த வெள்ளை முடி ஒளிவட்டமாக விரிந்திருக்கிறது. அது வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே முடியைக் கழுவச் சொன்னார் கேமரன் என்பார்கள். கண்ணைச் சுற்றிய சுருக்கங்கள் மட்டும் கூர்மை. மற்றதெல்லாம் நழுவிப் போகிறது. ஒரு விஞ்ஞானி என்று சொல்ல ஒரு சாமான்கூட இல்லாமல், வாழ்நாள் முழுக்க வானத்தைப் பார்த்த மனிதர் என்று தெரிகிறது. ஓவியத்திடமிருந்து ஒரு புகைப்படக்காரர் பெறக்கூடிய உயர்ந்த பாடம் இதுதான் என்று நான் நம்புகிறேன்.

கேமரனுக்கு இலங்கையோடு என்ன தொடர்பு?

நெருங்கிய தொடர்பு. கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன், இலங்கை வரலாற்றுப் பாடத்தில் வரும் 1833 கோல்புரூக்–கேமரன் ஆட்சிச் சீர்திருத்தத்தின் அதே கேமரன். பின்னர் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் வாங்கினார். 1875-ல் குடும்பம் இலங்கைக்குக் குடிபெயர்ந்தது. களுத்துறையில் இருந்த வீட்டில் 1877-ல் விருந்தாளியாகத் தங்கிய தாவர ஓவியர் மரியான் நார்த், கேமரன் தன்னைப் படம் எடுத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார்: அந்த வெக்கையில் கம்பளிச் சால்வை போர்த்தி, தலைமுடியை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்று தலையில் குத்த நிற்க வைத்தாராம். வைட் தீவில் என்ன செய்தாரோ அதையே களுத்துறையிலும் செய்திருக்கிறார்.

இலங்கைப் படங்களில் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் உள்ளூர் மக்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் பணிப்பெண்ணுக்குக்கூட மாதா வேடம் போட்டவர், இங்கே உட்கார்ந்தவர்களுக்கு எந்தக் கதாபாத்திரமும் தரவில்லை. பெயரும் எழுதவில்லை; 'களுத்துறைக் குடியானவர்கள்' என்ற பாணியில்தான் தலைப்பு. அவர் குடும்பத்துத் தோட்டங்கள் இருந்த மலைநாட்டில் உழைத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து போனவர்கள் என்பதை நினைக்கும்போது அந்தப் பெயரின்மை கூடுதலாக வலிக்கிறது. கேமரன் 1879 ஜனவரி 26-ல் டிக்கோயாப் பகுதித் தோட்டம் ஒன்றில் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது.

ஓவியச் சாமான்களே வேண்டாம் என்று ஒதுக்கியவர் யாராவது உண்டா?

பாரிஸின் நதார். இயற்பெயர் கஸ்பார்-ஃபெலிக்ஸ் தூர்னஷோன். கேலிச்சித்திரக்காரராக இருந்து 1850-களின் நடுவில் புகைப்படத்துக்கு வந்தார். வெற்றுப் பின்னணி, பக்க வெளிச்சம், முக்கால் உருவம். கவிஞர் போதலேரை அப்படித்தான் எடுத்தார். புகைப்படக் கோட்பாட்டை ஒரு மணி நேரத்திலும் ஆரம்பச் செய்முறையை ஒரு நாளிலும் கற்றுவிடலாம், வெளிச்சத்தை உணர்வதையும் எதிரே இருப்பவரின் மனதைப் பிடிப்பதையும் கற்றுக்கொடுக்க முடியாது என்று 1857-ல் நீதிமன்றத்தில் சொன்னார். நதார் என்ற பெயர் யாருக்கு என்று சொந்தத் தம்பியுடன் நடந்த வழக்கு அது.

அந்தக் காலத்திலும் 'டச்சிங்' உண்டா?

தாராளமாக. மியூனிக்கின் கல்லச்சு (லித்தோ) ஓவியர் ஹான்ஃப்ஸ்டேங்கல், டச்சிங் செய்த நெகட்டிவிலிருந்து எடுத்த படத்தை 1855 பாரிஸ் கண்காட்சியில், செய்யாததோடு சேர்த்துக் காட்டி வியக்க வைத்தார்.

அழகு பார்ப்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. அன்றைய தட்டுகளுக்கு நீலம் நன்றாகத் தெரியும், சிவப்பும் மஞ்சளும் தெரியாது. நீலக்கண் வெளிறிப் போகும்; சிவந்த கன்னமும் முகப்புள்ளிகளும் கறுப்பாக விழும். கண்ணால் பார்த்த முகத்துக்குப் படத்தைத் திருப்பிக் கொண்டுவரவே பென்சிலும் தூரிகையும் தேவைப்பட்டன. ஓவியர்கள் அந்த வேலைக்குத் தயாராக இருந்தார்கள்.

புகைப்படம் கலையா என்று வழக்கே நடந்ததாமே?

பிரான்ஸில் நடந்தது. மேயர்–பியர்சன் என்ற ஸ்டூடியோ எடுத்த இத்தாலியின் கவூர் போன்ற அரசியல் தலைவர்களின் படங்களை வேறு ஸ்டூடியோ நகலெடுத்து விற்றது. பதிப்புரிமைச் சட்டம் கலைப்படைப்புக்கு மட்டும்தான் பொருந்தும். ஆகவே முதலில் புகைப்படம் கலை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1862 ஜனவரியில் தோற்றார்கள். ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கலைதான் என்று தீர்ப்பளித்தது. புகைப்படத்தைக் கலையோடு சேர்க்கக் கூடாது என்ற எதிர்ப்பு மனுவில் ஆங்க்ர் உள்ளிட்ட ஓவியர்கள் கையெழுத்திட்டார்கள்.

ஓவியர்கள் புகைப்படத்திடமிருந்து ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லையா?

எடுத்துக்கொண்டார்கள். டெலக்ரவா, யூஜேன் துரியூ எடுத்த படங்களை வைத்து உடற்கூறு பயின்றார். மெக்ஸிகோவில் சுட்டுக்கொல்லப்பட்ட பேரரசர் மாக்சிமிலியனை மானே வரைந்தபோது முகச்சாயலுக்குப் புகைப்படங்களைப் பார்த்தார். இது தனிப் பக்கம் எழுத வேண்டிய விஷயம்.

இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்?

ஹில்–ஆடம்சன் படங்களின் பெரிய சேகரிப்பு எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய கலைக்கூடங்களிலும் கிளாஸ்கோ பல்கலைக்கழக நூலகத்திலும் இருக்கிறது. கேமரன் படங்களுக்கு லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் என்ற பழைய பெயரில் இருந்தபோது, 1865-லேயே அவரிடம் படம் வாங்கிய இடம் அது. 1868-ல் ஸ்டூடியோவாக வைத்துக்கொள்ள இரண்டு அறையும் கொடுத்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், லாஸ் ஏஞ்சலிஸின் கெட்டி அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் இரு தரப்புப் படங்களையும் பெரிய அளவில் இலவசமாகத் தரவிறக்கலாம். கலோடைப்புகளை மூலத்தின் பழுப்பு நிறத்திலேயே பாருங்கள். கறுப்பு வெள்ளையாக மாற்றிப் போடும் தளங்களில் அந்தப் பழுப்பு காணாமல் போய்விடுகிறது.